காலையில் ஸ்டிரைக், மாலையில் வாபஸ்! சங்கங்கள் மீது டாக்டர்களுக்கே சலிப்பு

காலையில் "காலவரையற்ற வேலைநிறுத்தம்" என்றார்கள். மாலையில் "வாபஸ்" என்றார்கள். நடுவில் கழிந்தது ஒரே ஒரு பகல்தான்.

2024-ம் ஆண்டு நவம்பர் மாதம் 13-ந் தேதி, புதன்கிழமை. சென்னை கிண்டியில் உள்ள கலைஞர் நூற்றாண்டு உயர் சிறப்பு மருத்துவமனையில் புற்றுநோய்ப் பிரிவு டாக்டர் ஒருவர் வழக்கம்போல நோயாளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறைக்குள் ஒரு வாலிபர் நுழைந்தார். அவருடைய தாய் அந்த டாக்டரிடம் சிகிச்சை பெற்றவர். மறைத்து எடுத்து வந்திருந்த கத்தியால் டாக்டரைச் சரமாரியாகக் குத்தினார். டாக்டர் ரத்த வெள்ளத்தில் சரிந்தார். வெளியே நடந்துபோன வாலிபரை அங்கிருந்தவர்கள் மடக்கிப் பிடித்துப் போலீசில் ஒப்படைத்தார்கள்.

அதே ஆஸ்பத்திரியில் தீவிர சிகிச்சை நடந்தது. டாக்டர் உயிர் பிழைத்தார்.

செய்தி காட்டுத்தீ போல் பரவியது. பட்டப்பகலில், வெளிநோயாளிகள் பிரிவில், நாற்காலியில் உட்கார்ந்திருந்த டாக்டருக்கே இந்தக் கதி! மற்ற ஆஸ்பத்திரிகளில் டாக்டர்கள் ஸ்டெதாஸ்கோப்பைக் கழற்றி வைத்துவிட்டு வாசலுக்கு வந்தார்கள். அரசு டாக்டர்கள் சங்கம் ஸ்டிரைக்கை அறிவித்தது. அவசர சிகிச்சை மட்டும்தான் நடக்கும், மற்றது எதுவும் கிடையாது என்றது.

பொழுது சாய்ந்தது. அப்போது சுகாதார அமைச்சராக இருந்த மா.சுப்பிரமணியன் சங்க நிர்வாகிகளை அழைத்துப் பேசினார். பாதுகாப்பைப் பலப்படுத்துவதாக உறுதி கொடுத்தார். சங்கம் ஸ்டிரைக்கை விலக்கிக்கொண்டது.

சரி, அத்தோடு முடிந்ததா? அதுதான் இல்லை!

இந்திய மருத்துவ சங்கத்தின் தமிழ்நாடு கிளை, மறுநாள் 24 மணி நேரம் வெளிநோயாளிகளைப் பார்க்கமாட்டோம் என்று சொன்னது சொன்னதுதான் என்றது. ஒரு சங்கம் வேலைக்குப் போகச் சொல்கிறது. இன்னொரு சங்கம் போகாதே என்கிறது. இரண்டிலும் சந்தா கட்டியவர் எந்தப் பக்கம் போவார்? காலை ஆறு மணிக்கே வந்து சீட்டு வாங்க வரிசையில் நிற்கிறாரே, நம்ம ஊர் நோயாளி, அவர் யாரைக் கேட்பார்?

டாக்டர்கள் மத்தியில் நெடுநாளாகப் புகைந்துகொண்டிருந்த ஒரு விஷயம் அன்றைக்கு வெளிச்சத்துக்கு வந்தது. அரசாங்கத்தின் மீது அவர்களுக்குக் கோபம் உண்டு. அது ஊரறிந்தது. தங்களுடைய சங்கங்கள் மீதே அவர்களுக்குச் சலிப்பு தட்டிவிட்டது என்பதுதான் ஊர் அறியாதது.

எத்தனை சங்கம்!

கூலித் தொழிலாளிக்குச் சங்கம் உண்டு. ஆட்டோக்காரருக்கு உண்டு. மாதம் பிறந்தால் சந்தா கொடுக்கிறார்கள், தகராறு வந்தால் சங்கத்துக்காரர் முன்னால் வந்து நிற்கிறார். படித்த டாக்டர்களின் சங்கம் மட்டும் ஏன் இப்படி நொண்டியடிக்கிறது?

முதல் காரணம், சங்கம் ஒன்றில்லை, பல.

எல்லாவற்றுக்கும் மூத்தது இந்திய மருத்துவ சங்கம். 1928-ம் ஆண்டு கல்கத்தாவில் தொடங்கியது. தலைமையிடம் டெல்லி. ஊருக்கு ஊர் கிளை உண்டு. அரசு டாக்டர்களும் இதில் இருக்கிறார்கள். ஆனால் சொந்தமாக கிளினிக்கும் நர்சிங் ஹோமும் நடத்துகிறவர்களின் குரல்தான் இதில் பெரிய குரல் என்பது அரசு டாக்டர்களின் குறை.

அரசு டாக்டர்களுக்குத் தனியாகத் தமிழ்நாடு அரசு டாக்டர்கள் சங்கம் இருக்கிறது. பட்ட மேற்படிப்பு படிக்கிறவர்களும் பணியில் இருப்பவர்களும் சேர்ந்த சங்கம் ஒன்று. மருத்துவ அலுவலர்கள் சங்கம் ஒன்று. 2019-ல் இவற்றில் சில கைகோத்து உருவான கூட்டமைப்பு ஒன்று. அதற்கப்புறம் சட்டப் போராட்டக் குழு ஒன்று. எண்ணி மாளாது!

ஏன் இத்தனை? டாக்டர்கள் எல்லாரும் ஒரே வேலை பார்ப்பதாக வெளியில் இருக்கிற நாம் நினைக்கிறோம். அரசாங்கக் கணக்கில் அப்படி இல்லை. மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி டாக்டர்கள் மருத்துவக் கல்வி இயக்ககத்தின் கீழ் வருகிறார்கள். மாவட்ட, தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கு வேறு இயக்ககம். ஆரம்ப சுகாதார நிலைய டாக்டர்களுக்குப் பொது சுகாதாரத் துறை. மூன்று வீட்டுக்கும் மூன்று வாசல். பேராசிரியர் ஆகும் வழி ஒன்று, தலைமை டாக்டர் ஆகும் வழி வேறு. ஒருவருக்கு நன்மையாக இருக்கும் உத்தரவு மற்றவருக்குப் பாதகமாக முடியும். கிராமத்தில் பாம்புக்கடி பார்க்கிற இளம் டாக்டரின் தலைவலி வேறு. சென்னை பெரிய ஆஸ்பத்திரியில் வார்டு சுற்றும் பேராசிரியரின் தலைவலி வேறு.

ஊர் இரண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம் என்பார்கள். இங்கே ஊர் ஐந்தாறு பட்டுக் கிடக்கிறது. கோட்டையில் இருப்பவர்களுக்கு வேலை சுலபம். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் வழி ஒன்றுதான்: பேச்சுக்கு இணங்கி வரும் சங்கத்தை அழைத்துப் பேசுவது, மற்றதைக் கண்டுகொள்ளாமல் விடுவது.

தீபாவளி சமயத்தில் ஒரு போராட்டம்

இதற்குச் சரியான சாட்சி 2019-ம் ஆண்டு நடந்த போராட்டம்.

அந்தக் கதையைச் சொல்ல, பத்து வருடம் பின்னால் போகவேண்டும். 2009-ம் ஆண்டு அக்டோபரில், கருணாநிதி முதல்வராக இருந்தபோது, 354 என்ற எண்ணில் ஓர் அரசாணை வெளிவந்தது. இத்தனை வருடம் வேலை பார்த்தால் இன்ன சம்பள நிலை என்று டாக்டர்களுக்கு அது வரையறுத்தது. மத்திய அரசு டாக்டர்களுக்கு இதே மாதிரி ஒரு திட்டம் 2008-லேயே வந்துவிட்டது. அங்கே 4, 9, 13, 20 ஆண்டுகளில் படிப்படியாக ஏற்றம். மேல்நிலைச் சம்பளப் பட்டியை அவர்கள் 13-வது வருடத்தில் எட்டுகிறார்கள். அதே இடத்தைத் தமிழ்நாட்டு டாக்டர் எட்ட 20 வருடம் ஆகிறது என்பதுதான் பிரச்சினை. ஏழு வருட வித்தியாசம். சம்பளக் கணக்கு எழுதுகிற குமாஸ்தாக்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை!

சம்பளத்தோடு வேறு மூன்று கோரிக்கைகளும் இருந்தன. நோயாளிகளின் கூட்டத்துக்குத் தக்கபடி டாக்டர் பணியிடம் வேண்டும். பட்ட மேற்படிப்பு முடித்தவர்களுக்குக் கலந்தாய்வு வைத்து இடம் கொடுக்கவேண்டும். மேற்படிப்பில் அரசு டாக்டர்களுக்கு முன்பு இருந்த 50 சதவீத ஒதுக்கீடு திரும்ப வேண்டும்.

2019 ஆகஸ்டில் சென்ட்ரல் எதிரே உள்ள ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வளாகத்தில் டாக்டர்கள் சிலர் சாகும்வரை உண்ணாவிரதம் உட்கார்ந்தார்கள். அப்போதைய சுகாதார அமைச்சர் சி.விஜயபாஸ்கர் பேசினார். ஆறு வாரத்தில் முடித்துக் கொடுப்பதாகச் சொன்னதை நம்பி எழுந்தார்கள். ஆறு வாரம் போனது. ஒன்றும் நடக்கவில்லை.

அக்டோபர் 25-ந் தேதி காலவரையற்ற வேலைநிறுத்தம் தொடங்கியது. இரண்டு நாளில் தீபாவளி. போதாக்குறைக்கு அன்று மாலைதான் மணப்பாறை பக்கம் நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை ஆழ்துளைக் கிணற்றில் விழுந்தது. நாடு முழுவதும் நான்கு நாள் அந்தக் குழிக்குள்ளேயே கண்ணை வைத்திருந்தது. டாக்டர்களின் கோஷம் யார் காதில் விழும்?

போராட்டத்தின் நடுவிலேயே டாக்டர்களில் ஒரு பகுதியினர் அமைச்சரோடு பேசிவிட்டு விலகிக்கொண்டார்கள். எங்களை யார் கேட்டார்கள், பேசப் போனவர்கள் எங்கள் ஆட்களே அல்ல என்றார்கள் மற்றவர்கள். அரசு கெடு விதித்தது. வேலைக்கு வராதவர்களின் பணியிடங்கள் காலியானதாக அறிவிக்கப்படும் என்று எச்சரித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட டாக்டர்கள் தூர தூர ஊர்களுக்கு மாற்றப்பட்டார்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணைகள் பறந்தன.

அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த மு.க.ஸ்டாலின் போராடிய டாக்டர்களை நேரில் சந்தித்து ஆதரவு சொன்னார். முதல்வராக இருந்த எடப்பாடி பழனிசாமி வேலைக்குத் திரும்பும்படி வேண்டுகோள் விடுத்தார். நவம்பர் 1-ந் தேதி, எட்டாவது நாள், ஸ்டிரைக் கைவிடப்பட்டது. கையில் எழுத்துமூலமாக ஒரு சீட்டுக்கூட இல்லை.

மாறுதல் உத்தரவு மட்டும் மாறவில்லை.

தலைவரின் மரணம்

இந்தப் போராட்டத்தை முன்னின்று நடத்தியவர் டாக்டர் லட்சுமி நரசிம்மன். அவருக்கும் மாறுதல் வந்தது. 2020 பிப்ரவரியில் மாரடைப்பால் இறந்தார். அலைக்கழிப்பும் மன உளைச்சலும்தான் அவரைக் கொண்டுபோய்விட்டன என்று கூட இருந்த டாக்டர்கள் இன்றும் சொல்லி ஆறாமல் இருக்கிறார்கள்.

அவர் இறந்த சில வாரங்களில் சென்னை ஐகோர்ட்டிலிருந்து தீர்ப்பு வந்தது. போராடியவர்களுக்குக் கொடுத்த மாறுதல் உத்தரவுகளையும் குற்றச்சாட்டுக் குறிப்பாணைகளையும் கோர்ட்டு ரத்து செய்தது. அதைக் கேட்க அவர் இல்லை.

அடுத்த மாதமே கொரோனா வந்தது. நேற்றுவரை ஒழுங்கு நடவடிக்கைக்கு ஆளானவர்கள் இன்று முன்களப் போராளிகள் ஆனார்கள். கைதட்டினோம், விளக்கேற்றினோம். சம்பளப் பட்டி அப்படியே இருந்தது.

ஆட்சி மாறியது, சண்டை மாறவில்லை

2021 மே மாதம் ஆட்சி மாறியது. ஆதரவு சொன்னவரே முதல்வர் ஆகிவிட்டார், இனி கவலை இல்லை என்று பல டாக்டர்கள் இனிப்பு எடுத்துக் கொண்டாடாத குறைதான். அடுத்த மாதமே 293 என்ற எண்ணில் புது அரசாணை வந்தது. சம்பள நிலையைத் தொடாமல், கூடுதல் படி கொடுக்கும் உத்தரவு அது.

அங்கே மறுபடியும் பிளவு! கிடைக்கிறதை முதலில் வாங்குவோம், படியாவது வரட்டும் என்றது ஒரு தரப்பு. படி வேறு, சம்பளம் வேறு. 354-ஐத் திருத்தி மத்திய அரசு டாக்டருக்குச் சமமாகக் கொடுத்தால் போதும், 293 எங்களுக்கு வேண்டாம் என்றது இன்னொரு தரப்பு. வீதியில் நின்று ஒரு சங்கம் 293-ஐ அமல்படுத்து என்றது. அடுத்த வீதியில் மற்றொரு சங்கம் 354-ஐ அமல்படுத்து என்றது. ஏதோ பஸ் ரூட் நம்பர் மாதிரி ஆகிப்போனது டாக்டர்களின் வாழ்க்கை.

டாக்டர்களே ஒத்த கருத்துக்கு வரவில்லையே, நாங்கள் என்ன செய்ய என்று கைவிரிக்க அரசாங்கத்துக்கு இதைவிட நல்ல சாக்கு எங்கே கிடைக்கும்?

சட்டப் போராட்டக் குழுவினர் விடவில்லை. 2025-ம் ஆண்டு லட்சுமி நரசிம்மன் நினைவாக மேட்டூரிலிருந்து சென்னை நோக்கி நடைப்பயணம் புறப்பட்டார்கள். போய்ச்சேர நினைத்த இடம், மெரினாவில் கருணாநிதியின் நினைவிடம். 354-வது அரசாணையைக் கொடுத்தவர் காலடியிலேயே கேட்போம் என்பது கணக்கு. ஊசி போடுகிற கைகள் பதாகை பிடித்து நெடுஞ்சாலையில் நடந்தன.

ஸ்டிரைக் செய்யலாமா?

வாசகர்களுக்கு ஒரு சந்தேகம் வரலாம். பஸ் தொழிலாளி ஸ்டிரைக் செய்கிறார், பாங்கிக்காரர் செய்கிறார், டாக்டர் செய்தால் மட்டும் ஏன் இரண்டே நாளில் ஓய்ந்துவிடுகிறது?

அரசு ஊழியர் நடத்தை விதிகள் வேலைநிறுத்தத்தை அனுமதிப்பதில்லை. போதாததற்கு 2003-ம் ஆண்டு வந்த தீர்ப்பு இருக்கிறது. அந்த வருடம் ஜெயலலிதா ஆட்சியில் அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஸ்டிரைக் செய்ய, ஏறத்தாழ 1 லட்சத்து 70 ஆயிரம் பேர் ஒரே மூச்சில் வேலையிலிருந்து நீக்கப்பட்டது ஞாபகம் இருக்கும். வழக்கு சுப்ரீம் கோர்ட்டு போனது. ஸ்டிரைக் செய்ய அரசு ஊழியருக்கு அடிப்படை உரிமையும் இல்லை, சட்ட உரிமையும் இல்லை, தார்மீக நியாயமும் இல்லை என்று 2003 ஆகஸ்டில் கோர்ட்டு சொல்லிவிட்டது. டாக்டரும் அரசு ஊழியர்தானே!

அதற்கு மேல் இன்னொரு சங்கடம். மில்லில் ஸ்டிரைக் என்றால் முதலாளிக்கு நஷ்டம். ஆஸ்பத்திரியில் ஸ்டிரைக் என்றால் நஷ்டப்படுவது அமைச்சரா? இல்லை. பணக்காரரா? அவர் அப்பல்லோவுக்குப் போவார். கடலூரிலிருந்து ராத்திரி பஸ் ஏறி வந்து, ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டு விரித்துப் படுத்து, ஆபரேஷன் தேதிக்குக் காத்திருப்பவர்தான் நஷ்டப்படுகிறார். அவர் முகத்தைப் பார்த்தபிறகு டாக்டருக்கே மனம் கேட்காது. இரண்டாவது நாள் ஜனங்களின் கோபம் அரசாங்கத்தின் மேல் திரும்பாமல் டாக்டர்கள் மேல் திரும்பும். இதெல்லாம் கோட்டைக்கும் தெரியும். அதனால் பொறுமையாக உட்கார்ந்திருப்பார்கள்.

இதைத் தெரிந்தும் எடுத்ததற்கெல்லாம் ஸ்டிரைக் என்று அறிக்கை விடுகிற சங்கத் தலைவர்களைத்தான் இளம் டாக்டர்கள் வறுத்தெடுக்கிறார்கள். அறிக்கை விடுவது சுலபம். மறுநாள் வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடாதவன் நான்தானே என்பது அவர்கள் கேள்வி. நியாயமான கேள்விதான்.

பழைய சங்கத்தின் கதை

தனியார் டாக்டர்களின் குறை வேறு மாதிரி. இந்திய மருத்துவ சங்கத்துக்குப் பெயர் இருக்கிறது, கட்டிடம் இருக்கிறது, லட்சக்கணக்கில் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பதவியேற்பு விழாவுக்கு ரோஜா மாலையும் சால்வையும் குறைவில்லை. டெல்லியில் காரியம் மட்டும் நடப்பதில்லை என்பது பேச்சு.

அவர்கள் முதலில் சுட்டிக்காட்டுவது நுகர்வோர் சட்டம். டாக்டர் சேவையை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவரக்கூடாது என்று சங்கமே சுப்ரீம் கோர்ட்டு வரை போய் வாதாடியது. தோற்றது. காசு வாங்கிக்கொண்டு செய்யும் சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள் வரும் என்று 1995 நவம்பர் 13-ந் தேதி தீர்ப்பானது. (கிண்டி டாக்டர் கத்திக்குத்துப் பட்டதும் இதே நவம்பர் 13-தான். 29 வருடம் கழித்து!)

அந்தத் தீர்ப்பு வந்ததால் நோயாளிகளுக்கு ஒரு பாதுகாப்பு கிடைத்தது என்பதையும் சொல்லவேண்டும். தவறான ஊசியால் காலை இழந்தவருக்கு வேறு போக்கிடம் ஏது? ஆனால் டாக்டர்களின் வயிற்றெரிச்சல் வேறு இடத்தில் இருக்கிறது. 2024 மே மாதம் இதே கேள்வி வக்கீல்களைப் பற்றி வந்தது. வக்கீல் தொழில் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று சுப்ரீம் கோர்ட்டு சொல்லிவிட்டது. கருப்புக் கோட்டு தப்பியது, வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டது!

அடுத்தது 2019. இந்திய மருத்துவ கவுன்சிலைக் கலைத்துவிட்டுத் தேசிய மருத்துவ ஆணையம் அமைக்கும் சட்டம் பாராளுமன்றத்துக்கு வந்தது. எம்.பி.பி.எஸ். படிக்காதவர்களுக்கும் ஓரளவு மருந்து எழுதிக்கொடுக்க அனுமதி அளிக்கும் பிரிவு அதில் இருந்தது. சங்கம் கொதித்தது. ஜூலை 31-ந் தேதி நாடு முழுவதும் 24 மணி நேர ஸ்டிரைக் நடத்தியது. மறுநாள் ஆகஸ்டு 1-ந் தேதி ராஜ்யசபாவில் மசோதா நிறைவேறியது. ஒரு நாள்கூடத் தள்ளிப்போகவில்லை. 2020 செப்டம்பரில் புது ஆணையம் வேலையைத் தொடங்கியே விட்டது.

2020-ன் கடைசியில் ஆயுர்வேத மேற்படிப்பு படித்தவர்கள் குறிப்பிட்ட 58 அறுவை சிகிச்சைகளைச் செய்யலாம் என்று அறிவிப்பு வந்தது. டிசம்பர் 11-ந் தேதி இன்னொரு ஒருநாள் ஸ்டிரைக். அத்தோடு சரி.

ஜெயித்ததும் உண்டு

தோல்விப் பட்டியலையே படித்தால் சங்கங்களுக்கு அநியாயம் செய்ததாகிவிடும். ஜெயித்த கதைகளும் இருக்கின்றன. அவற்றில் பெரியது நம்ம ஊர் டாக்டர்கள் ஜெயித்தது.

கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் வேலை பார்க்கும் எம்.பி.பி.எஸ். டாக்டர், எம்.டி., எம்.எஸ். படிக்கப் பாதி இடங்கள் தமிழ்நாட்டில் ஒதுக்கப்பட்டிருந்தன. அப்படிப் படித்தவர் திரும்ப அரசு ஆஸ்பத்திரிக்கே வருவார். மாவட்ட ஆஸ்பத்திரியில் எலும்பு முறிவு டாக்டரும் மயக்க மருந்து டாக்டரும் பிரசவ டாக்டரும் இருக்கிறார்களே, அவர்களில் பலர் வந்த வழி இது. 2017-ல் மருத்துவ கவுன்சில் விதியைக் காட்டி இந்த ஒதுக்கீடு போனது. அப்போதும் ஸ்டிரைக் நடந்தது, ஊர்வலம் நடந்தது. பலன் இல்லை.

ஸ்டிரைக்கில் கிடைக்காதது கோர்ட்டில் கிடைத்தது. தமிழ்நாடு மருத்துவ அலுவலர்கள் சங்கம் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனது. ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன பெஞ்சு, 2020 ஆகஸ்டு 31-ந் தேதி, இப்படி ஒதுக்கீடு செய்ய மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு, கவுன்சில் குறுக்கே நிற்க முடியாது என்று தீர்ப்பளித்தது. மூன்று வருடத்துக்கும் மேல் ஆயிற்று. கோஷம் இல்லை, கொடி இல்லை. வக்கீல் பீசுக்குப் பணம் திரட்டி, ஆவணம் சேர்த்து, வாய்தா வாய்தாவாக டெல்லிக்கு அலைந்து வாங்கிய வெற்றி. பெரிய சங்கங்கள் மேடையில் மைக் பிடித்த நேரத்தில், சத்தம் காட்டாமல் காரியம் பார்த்தார்கள் இவர்கள்.

இன்னொன்று, 2020 ஏப்ரலில் நடந்தது. சென்னையில் நரம்பியல் அறுவை நிபுணர் ஒருவர் கொரோனாவில் இறந்தார். உடலை அடக்கம் செய்யவிடாமல் ஒரு கும்பல் கல்லாலும் கட்டையாலும் தாக்கியது. ஆம்புலன்சின் கண்ணாடி நொறுங்கியது. நள்ளிரவில் கூட இருந்த டாக்டர் ஒருவரே மண்ணை அள்ளிப்போட்டு அடக்கம் செய்யவேண்டி வந்தது. இந்த நகரம் தலைகுனிந்த ராத்திரி அது.

இந்திய மருத்துவ சங்கம் அன்றைக்கு ஒரே குரலில் பேசியது. ஏப்ரல் 22-ந் தேதி இரவு மெழுகுவர்த்தி ஏற்றுவோம், மறுநாள் கறுப்பு தினம் என்றது. 22-ந் தேதியே உள்துறை அமைச்சர் அமித் ஷா வீடியோவில் சங்கத் தலைவர்களோடு பேசினார். அன்றே அவசரச் சட்டம் வந்தது. டாக்டரைத் தாக்கினால் ஜாமீன் இல்லை; பலத்த காயம் என்றால் 7 ஆண்டுவரை சிறை. கொரோனா நேரத்தில் டாக்டர்களை விரோதித்துக்கொள்ள எந்த அரசாங்கம்தான் துணியும்? நேரம் கூடிவந்தது, சங்கமும் பிளவுபடாமல் நின்றது. ஆனால் அது தொற்றுநோய்க் காலத்துக்கு மட்டுமான சட்டம்.

சட்டம் இருக்கிறதே!

எல்லாக் காலத்துக்கும் ஒரு மத்திய சட்டம் வேண்டும் என்பதுதான் சங்கத்தின் நீண்ட நாள் கோரிக்கை. 2019-ல் கல்கத்தா ஆஸ்பத்திரியில் இளம் டாக்டர்கள் தாக்கப்பட்டபோது ஸ்டிரைக் நடத்திக் கேட்டார்கள். வரைவு மசோதாவும் வந்தது. அப்படியே கிடப்பில் போனது. 2023 மே மாதம் கேரளத்தில் கொட்டாரக்கரை ஆஸ்பத்திரிக்குப் போலீஸ் அழைத்துவந்த ஆள் ஓர் இளம் பெண் டாக்டரைக் குத்திக் கொன்றபோது கேட்டார்கள். கேரள அரசு தன் சட்டத்தைக் கடுமையாக்கியது. மத்திய சட்டம் வரவில்லை. 2024 ஆகஸ்டில் கல்கத்தா ஆர்.ஜி.கர் ஆஸ்பத்திரியில் பயிற்சி பெண் டாக்டர் கொடூரமாகக் கொல்லப்பட்டார். 17-ந் தேதி காலை 6 மணி முதல் 24 மணி நேரம் நாடே ஸ்தம்பிக்க ஸ்டிரைக் நடந்தது. சுப்ரீம் கோர்ட்டு தேசியப் பணிக்குழு அமைத்தது. தனியாக மத்திய சட்டம் தேவையில்லை, மாநிலச் சட்டங்களும் நடைமுறையில் உள்ள குற்றவியல் சட்டமுமே போதும் என்று அந்தக் குழு கருத்துச் சொல்லிவிட்டது.

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை சட்டத்துக்குப் பஞ்சமே இல்லை. 2008-ம் ஆண்டே தனிச்சட்டம் போட்டாகிவிட்டது. டாக்டரையோ நர்சையோ ஆஸ்பத்திரி ஊழியரையோ தாக்கினால் குறைந்தது 3 வருடம், அதிகபட்சம் 10 வருடம் சிறை. ஜாமீனில் விடமுடியாத குற்றம். சட்டம் வந்து நான்கு வருடத்துக்குள், 2012 ஜனவரியில், தூத்துக்குடியில் மயக்க மருந்து நிபுணரான பெண் டாக்டர் தன் கிளினிக்கிலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். இறந்துபோன நோயாளியின் கணவர்தான் கைதானார். அப்போதும் மாநிலம் முழுக்க ஸ்டிரைக். அதற்கப்புறம் கிண்டி.

இங்கேதான் டாக்டர்களின் முணுமுணுப்பு உச்சத்துக்குப் போகிறது. புதுச்சட்டம் கேட்டு டெல்லிக்கு மனு போடுகிற சங்கம், கையில் இருக்கிற சட்டத்தில் பதிவான வழக்குகள் எந்தக் கோர்ட்டில் எந்த நிலையில் கிடக்கின்றன என்று ஒரு நோட்டுப் போட்டு எழுதி வைத்திருக்கிறதா? அடிபட்ட பயிற்சி டாக்டர் சாட்சி சொல்லக் கோர்ட்டுக்குப் போகும்போது கூட ஒரு வக்கீலை அனுப்பி வைக்கிறதா? அடித்தவர் தரப்பு வந்து சமாதானம் பேச, போலீஸ் ஸ்டேஷனிலேயே கைகுலுக்கி முடிந்துபோகும் சமாசாரங்கள்தான் அதிகம் என்கிறார்கள். சாயங்காலம் முடியும் ஸ்டிரைக்கைவிட இந்த வேலை கடினம். பத்திரிகையில் படமும் வராது.

கிண்டி சம்பவத்துக்குப் பிறகு சில மாற்றங்கள் வந்தன. சென்னையின் பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் நோயாளியோடு வருபவர் கையில் வண்ணப் பட்டை கட்டி உள்ளே விடும் முறை வந்தது. கூட வருபவர்களின் எண்ணிக்கையைக் குறைக்கப் பார்த்தார்கள். வாசலில் சோதனை கூடியது. நாலு பேராக வந்து இரண்டு பேர் வெளியே நிற்கவேண்டி வந்த சொந்தக்காரர்கள் காவலாளியிடம் சண்டை பிடித்தார்கள்.

2008-ம் ஆண்டுச் சட்டத்தைச் சொல்லும் அறிவிப்புப் பலகை பல ஆஸ்பத்திரிகளில் சீட்டு வாங்கும் ஜன்னலுக்குப் பக்கத்திலேயே மாட்டியிருக்கிறது. மூன்று வருடம் முதல் பத்து வருடம்வரை சிறை என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. அதன் கீழேதான் வரிசை நிற்கிறது.